ஒற்றை

வூஜ் என்றால் அவர்கள் மொழியில் படகு.
விட ஓர் ஆறு கண்ணில் படாத ஊருக்கு
அப்படி ஒரு பெயர்.
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
டோப்ராவாவின் காலுறைக் கம்பெனி:
இரண்டு பின்னல் இயந்திரம், ஒரு கெட்டில்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பின்தொடர்வோர்.
அதில் இருவர் அவளுடைய அக்காக்கள்,
ஒருவர் பல் மருத்துவர்.

அந்த எண்ணை உயர்த்தத்தான்
வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்
என்னை வைத்துக்கொண்டாள்.

செவ்வாய் மாலை ஏழேகாலுக்குப் போட்டால்
கூடுதல் பேர் பார்ப்பார்கள் என்றேன். போட்டோம்.
ஜன்னல் வெளிச்சம், நீலக் காலுறை,
பக்கத்தில் ஓர் எலுமிச்சை.
"எலுமிச்சை எதற்கு?"
எனக்கும் தெரியாது. எல்லோரும் வைக்கிறார்கள்.

பூனையை வைத்து ரீல் எடுத்தோம்.
பூனைக்கு நாற்பது இதயம்.
காலுறைக்கு ஒரே ஒரு கேள்வி:
பூனை விற்பனைக்கா?

ஒவ்வொரு படத்தின் கீழும்
எங்கள் பெருமையைச் சலிக்காமல் எழுதினேன்:
இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு,
விரல்களின் சரிவு பார்த்துப் பின்னியது,
மாற்றிப் போட முடியாது.

நவம்பரில், இரவு பதினொன்றரைக்கு, ஒரு செய்தி.
முகப்படம் இல்லை. பெயர் க்னியேவோமிர்.
"ஒன்று மட்டும் தருவீர்களா?
இடது. நாற்பத்து மூன்று. பச்சைக் கோடு போட்டது.
வலது கால் எனக்கு இல்லை.
உங்களிடம் வாங்கியதில் வலதெல்லாம்
இழுப்பறையில் கிடக்கிறது,
மடிப்புக் கலையாமல்."

படித்து முடிக்குமுன்
எனக்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது.
வெள்ளைப் பின்னணி. ஒற்றைக் காலுறை.
மெல்ல நெருங்கும் கேமரா. பியானோ, அதுவும் தாழ்ந்த குரலில்.
பத்தாயிரம் பேர்.
ஏன், முப்பதாயிரம்.
வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால்
முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன்.

காலையில் டோப்ராவா இரண்டு முறை படித்தாள்.
பெட்டியைத் திறந்து பச்சைக் கோட்டைத் தேடினாள்.
"முதலில் அனுப்பு.
அவரைக் கேட்காமல் ஓர் எழுத்துப் போடக் கூடாது"
என்று ஒற்றைக் காலில் நின்றாள்.
(எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன் இந்தச் சொல்லை.
இருக்கட்டும், அழிக்கத் தோன்றவில்லை.)

கேட்டோம்.
மூன்று நாள் கழித்துப் பதில்:
"வேண்டாம்.
நான் கேட்டது காலுறை."

பிறகு விலைக்குத்தான் தகராறு.
ஜோடி நாற்பது ஸ்லோட்டி என்றால்
ஒன்று இருபதா?
தபாலும் உறையும் சேர்ந்தால் கையைக் கடிக்கும் என்றேன்.
பில்லின் பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டாள்,
அடித்தாள், மறுபடி போட்டாள்.
"இருபதுதான்" என்று கெட்டிலை வைத்தாள்.

தளத்தில், நிறம், அளவு இவற்றுக்குக் கீழே
மூன்றாவதாக ஒரு பட்டியல் சேர்த்தேன்:
ஜோடி.
இடது மட்டும்.
வலது மட்டும்.
காரணம் கேட்கும் கட்டம் ஒன்றும் வைத்திருந்தேன்.
அதை எடுக்கச் சொன்னாள்.
படம் இல்லை, அறிவிப்பு இல்லை,
அன்று ஏழேகால் சும்மா கடந்துபோனது.

ஜனவரிக்குள் பதினோரு ஒற்றை.
கிடீனியாவில் ஒருத்திக்கு வலது, முப்பத்தேழு, சிவப்பு.
யாரோ ஒரு தாய்: "சின்ன அளவில் இடது,
டைனோசர் போட்டது இருக்கிறதா?"
(இல்லை. இப்போது இருக்கிறது.)
எப்படிக் கண்டுபிடிக்கிறார்களோ.
சிலருடையதைச் சலவை இயந்திரம்தான் விழுங்கியிருக்கும்.
இருந்தால் என்ன,
கட்டம்தான் இல்லையே.

மாத அறிக்கை கொடுத்தேன்:
பின்தொடர்வோர் முந்நூற்று நாற்பத்தொன்று,
வளர்ச்சி சுமார்.
டோப்ராவா அதைக் கெட்டிலுக்கு அடியில் வைத்தாள்,
சூடு மேசையில் படாமலிருக்க.

அனுப்புமுன் அந்தப் பச்சைக் கோட்டை
ஜன்னலோரம் வைத்து ஒரு முறை எடுத்திருந்தேன்.
இன்னும் வரைவில் கிடக்கிறது.
எலுமிச்சை இல்லாமல்.
நான் எடுத்ததிலேயே
அதுதான் நல்ல படம்.